வேகமாக ஓடிய தாய்மாமன் சீர்

எடிட்டிங் கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகள் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே "எஃபெக்ட் எல்லாம் எங்க மேடம் இருக்கு?" என்று கேட்கிறார்கள். ஒன்றோடு ஒன்று ஒட்டாத ஆயிரம் எஃபெக்ட் இன்று கைப்பேசியிலேயே கிடக்கிறது. அதை அள்ளிக் கொட்டுவதற்குப் பெயர் எடிட்டிங் என்று யார் இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்களோ, அந்தப் புண்ணியவானை நான் தேடிக்கொண்டிருக்கிறேன். இவர்களைக் கோபித்துப் பயனில்லை. வீட்டுக் கம்ப்யூட்டரில் கல்யாண வீடியோ எடிட் செய்கிற வியாதி எங்கள் பக்கம் புதிதாக வந்த காலத்திலேயே இதைவிட மோசமானதைப் பார்த்தவள் நான். அதைத்தான் எழுதுகிறேன்.

1. இழுத்து விட்டால் உட்கார்ந்துகொள்ளும்

அப்போது ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு வீடியோ கடையில் எடிட்டராக இருந்தேன். சுற்றிலும் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்தன. நிலம் விற்றவர்கள் முதலில் பைக் வாங்கினார்கள், பிறகு நகை வாங்கினார்கள், அதுவும் அலுத்துப்போய் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். அதை ஹாலில் வைத்து, பூப்போட்ட துணியால் மூடி, மானிட்டர் நெற்றியில் குங்குமப் பொட்டு வைத்தார்கள். எதற்கு வாங்கினோம் என்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. சீட்டு விளையாடினார்கள்.

பிள்ளைப்பாக்கம் சேகர் அப்படிப்பட்ட ஒரு வீட்டுப் பிள்ளை. ஒரகடம் பக்கம் ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் லைன் லீடர். அவன் அக்கா கல்யாணத்தை எங்கள் கடைதான் ஷூட் பண்ணியது. கல்யாணம் முடிந்த வாரமே வந்து நின்றான்.

"விஜிக்கா, மிக்சிங் வேணாம். ரா டேப்ப மட்டும் குட்த்துடு. வூட்லயே பண்ணிக்கிறேன்."

"எதுல பண்ணுவ?"

"சிஸ்டம் வாங்கிகிறோம்ல. கேப்சர் கார்டு போட்டாச்சு. சாஃப்ட்வேரு ஃப்ரீயாவே வருது. க்ளிப்ப புட்ச்சி டைம்லைன்ல இழுத்து வுட்டா தன்னால ஒக்காந்துக்குது."

தன்னால் உட்கார்ந்துகொள்கிறதாம். தன்னால் உட்காருகிற ஒன்றுக்காக நான் ஏன் இத்தனை வருடம் முதுகு வலிக்க உட்கார்ந்திருந்தேன் என்று கேட்க நினைத்தேன். எங்கள் முதலாளி கண்ணைக் காட்டினார். அவன் போனதும், "குட்த்து அனுப்புமா. ஆசப்படறான், படட்டும். பொட்டியத் தூக்கிகினு நம்மகிட்டதான் வருவான்" என்றார்.

டேப்பை வாங்கிக்கொண்டு போனவன் ஷிஃப்ட் முடிந்து வரும்போதெல்லாம் சந்தேகம் கேட்டு உயிரை வாங்கினான். ஒரு மணி நேர டேப்பை கேப்சர் பண்ணி கம்ப்யூட்டருக்குள்ளே இறக்க ஒரு மணி நேரம் ஆகும் என்றால் நம்பவில்லை. "கம்ப்யூட்டருக்கு எதுக்குக்கா அவ்ளோ நேரம்?" என்றான். வெட்டி ஒட்டியதை ஒரே படமாக்க ரெண்டர் போட்டால், மெஷின் அசையாமல் நிற்கிறது, ஹேங் ஆகிவிட்டது என்று ஆஃப் பண்ணிவிட்டு ஓடி வந்தான். பொறு, அது வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது என்றால் என்னைச் சந்தேகமாகப் பார்த்தான். கம்பெனியில் ஒரு மெஷின் சைக்கிள் முடிகிறவரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கத் தெரிந்தவனுக்கு வீட்டில் அந்தப் பொறுமை இல்லை.

2. பிள்ளைப்பாக்கத்தில் முதல் காட்சி

ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு சிடி போட்டுக் காட்டினான். என்னையும் கூப்பிட்டான், வயிறு எரியட்டும் என்றுதான். நானும் போனேன். பிரியாணி நன்றாக இருந்தது.

இந்த இடத்தில் தாய்மாமன் சீரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கம் பெண்ணின் தாய்மாமன் புடவை, நகை, பழம், இனிப்பு என்று தட்டுத் தட்டாக எடுத்துக்கொண்டு, சொந்தபந்தத்தோடு மேளதாளத்துடன் தெருவில் நடந்து மண்டபத்துக்கு வருவார். கேமராமேன் பின்னோக்கி நடந்தபடி ஒவ்வொரு தட்டையும், தட்டைத் தூக்கியவர் முகத்தையும் எடுத்தாக வேண்டும். பார்க்க ஒரு ருசியும் இருக்காது. ஆனால் அது ருசிக்காக எடுப்பதல்ல, சாட்சிக்காக எடுப்பது. யார் வந்தார், யார் எதைத் தூக்கினார் என்பதற்கு ஊரில் வேறு அத்தாட்சி கிடையாது. அதில் கத்தரி வைக்க நான் ஒருநாளும் துணிந்ததில்லை.

அந்தக் கல்யாணத்துக்குத் தாய்மாமன் பென்னலூர் முனுசாமி. அவர் மகன் குமாருக்குத்தான் சேகரின் தங்கை அமுதாவைக் கொடுப்பதாகப் பேச்சு. எல்லாம் பேசி முடித்தாயிற்று, தட்டு மாற்றுவதுதான் பாக்கி. அமுதா செல்போன் கம்பெனியில் லைனில் வேலை செய்தாள். குமார் என்றால் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே உயிர். என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். டிவியில் குமார் தலை தெரிகிறபோதெல்லாம் என் முழங்கையை இடித்தாள்.

படம் ஓடியது. எழுத்துகள் சுழன்றுகொண்டு வந்தன. மாப்பிள்ளை ஓர் இதயத்துக்குள்ளிருந்து வந்தார், அக்கா இன்னோர் இதயத்துக்குள்ளிருந்து வந்தாள். ஒவ்வொரு ஷாட்டுக்கும் பக்கம் புரண்டது, கதவு திறந்தது, சதுரம் சதுரமாக உடைந்தது. சாஃப்ட்வேரில் இருந்த அத்தனை டிரான்சிஷனையும் ஒன்று விடாமல் போட்டிருந்தான். எனக்குத் தலை சுற்றியது. தாலி கட்டுவதை ஸ்லோமோஷனில் போட்டு, ஒரு முழுப் பாட்டு ஓட விட்டிருந்தான்.

பிறகு சீர் வந்தது. ஃபாஸ்டில் வந்தது.

முனுசாமி தட்டோடு தத்தித் தத்தி ஓடினார். பின்னால் பெண்கள் கூட்டம் கோழிகள்போல் தலையை ஆட்டிக்கொண்டு ஓடியது. மேளக்காரர் கை கண்ணுக்கே தெரியவில்லை. முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள். அப்புறம் மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள். இரண்டு பாட்டு ஓடுகிற நேரம் நடந்து வந்த சீர், தும்மி முடிப்பதற்குள் முடிந்துவிட்டது.

முனுசாமி சாப்பிட்டுக்கொண்டிருந்த இலையை அப்படியே மடித்தார்.

"இன்னாடா சேகரு இது? பொம்ம படமா?"

"இல்ல மாமா, ஒரே சிடில அடங்கணும்ல, அதான்..."

"நீ போட்ட பாட்டுக்கெல்லாம் எடம் கீது. நான் நடந்து வர்றதுக்கு எடம் இல்ல. சம்பந்தி வூட்டுக்காரன் பாத்து சிரிக்கிறான். தெரிஞ்சிதான செஞ்ச?"

அமுதாவின் அப்பா எழுந்து கையைப் பிடித்தார். முனுசாமி உதறிக்கொண்டு செருப்பை மாட்டினார். "மொதல்ல என்ன மனுசனா காட்டுங்க. அப்பறமா பொண்ணு குடுக்கறதப் பத்திப் பேசலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். குமார் அவர் பின்னாலேயே போனான், இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அமுதா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

3. பெட்டி வந்தது

அடுத்த ஞாயிறு காலையில் சேகர் மொபெட்டில் வந்து இறங்கினான். பின்னால் அமுதா, அவள் மடியில் பெட்ஷீட்டில் சுற்றிய சிபியு.

"இத ஏண்டா தூக்கியாந்த?"

"வீடியோ இதுலதானக்கா கீது."

திறந்து பார்த்தால் ஒரு க்ளிப்கூட இல்லை. ஹார்ட் டிஸ்க் நிறைந்துவிட்டது என்று எல்லாவற்றையும் அழித்திருந்தான். "ப்ராஜெக்ட்ட சேவ் பண்ணிட்டுதான் அழிச்சேன்" என்றான் பெருமையாக. ப்ராஜெக்ட் ஃபைலில் படம் இருக்காது, எந்தப் படத்தை எங்கே வெட்டினாய் என்கிற குறிப்புதான் இருக்கும், படத்தை அழித்துவிட்டால் அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கலாம் என்று சொன்னேன். வேலைக்குச் சேர்ந்து முதல் மாதத்தில் எல்லோரும் செய்கிற தப்பு இது. இன்றைக்கும் செய்கிறார்கள்.

"டேப்பு எங்க?"

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். அந்தச் சின்னக் கேசட்டைக் கொண்டு வர, தங்கை மடியில் ஓர் இரும்புப் பெட்டியை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறான்.

"சீர எடிட் பண்றப்ப சத்தத்த கேட்டியா?" என்றேன்.

"மொதல்லயே மியூட் பண்ட்டேன். வெறும் மேளமும் கூச்சலும்தான. மேல பாட்டு போட்டா யாருக்குக் கேக்கப்போவுது?"

அவனை டீக்கடைக்கு அனுப்பிவிட்டு நான் டேப்பைப் போட்டேன். அமுதா பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "மாமாவுக்குப் பிடிச்ச மாதிரி பண்ணிக் குடுக்கா. இது சரியா வரலேன்னா நான் செத்தே போவேன்" என்றாள். வாயை மூடு என்று அதட்டினேன்.

4. மேளம் நின்ற இடம்

ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேப்சர் போட்டேன். சீர் மண்டப வாசலுக்கு வந்தது. ஆரத்தி எடுப்பதற்காக எல்லோரும் நின்றார்கள், மேளமும் நின்றது. கேமராவுக்கு முன்னால் கையெட்டும் தூரத்தில் முனுசாமியும் குமாரும். கேமராவுக்குக் காதும் உண்டு என்பது எங்கள் ஊர் ஜனங்களில் யாருக்கும் தெரியாது. கல்யாணக் கேசட் என்றால் அவர்கள் கேட்டதெல்லாம் பாட்டுதான். அதனால் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே எதை வேண்டுமானாலும் பேசுவார்கள்.

முனுசாமி சிரித்துக்கொண்டே சொன்னார்: "மூஞ்சத் தூக்கி வெச்சிக்காதடா. ரோட்டோர நெலம் அமுதா பேர்லதான கீது. கம்பெனிகாரன் கேட்டுகினு கீறான்."

குமார் சொன்னான்: "அதுக்காவத்தான வாய மூடிகினு கீறேன். இல்லேனா அந்த மூஞ்சியோட எவன் குடும்பம் பண்ணுவான்?"

என் கை தானாக ஸ்டாப்பை அழுத்தியது.

"இன்னாக்கா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. சத்தம் சரியில்ல."

அவள் மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் குமார் வாயைத் திறந்தபடி நின்றான். "குமாரு ஏதோ பேசறாரு. குடுக்கா, நானும் கேக்கறேன்" என்று கை நீட்டினாள்.

கொடுக்காமல் இருந்திருக்கலாம். இந்த மாதிரிப் பேச்சை நாதஸ்வரம் போட்டு மூடுவதுதான் என் தொழில். எத்தனையோ அத்தைகள் பேசியதை மூடியிருக்கிறேன். ஆனால் அந்த இரண்டு பேரின் அல்பத்தனத்தை அவளிடமிருந்து மறைத்து, அழகாகக் காட்டிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. ஆத்திரமாக இருந்தது. கழற்றி அவள் தலையில் மாட்டினேன்.

கேட்டாள். "இன்னொரு வாட்டி போடுக்கா" என்றாள். போட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. அப்புறம் ஹெட்போனைக் கழற்றி டேபிளில் வைத்தாள்.

"மாமா கேட்ட மாதிரியே பண்ணிக் குடுக்கா. ஒரு தட்டுகூட வுடாம, அவரு நடந்த மாதிரியே நடக்கட்டும்."

"இனிமே எதுக்குடி?"

"சீர அசிங்கம் பண்ணாங்க, அதான் வேணாம்னுட்டோம்னு அவங்க சொல்லக் கூடாது. நான்தான் வேணாம்னு சொல்லணும்."

"இந்தப் பேச்ச என்ன பண்றது?"

"மேளத்த போட்டு மூடிடு. அவங்களுக்குக் கேக்க வேணாம். எனக்குக் கேட்டாச்சி."

5. மனுசனாகக் காட்டினோம்

மூடினேன். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு சுத்தமாக ஒரு சவுண்ட் ஜாயின்ட் போட்டதில்லை. சிடியை வாங்க முனுசாமி தானே கடைக்கு வந்தார். முழுச் சீரையும் நின்றுகொண்டே பார்த்தார். "இப்பதாம்மா மனுசனா கீறேன்" என்று மீசையைத் தடவிக்கொண்டார். எனக்கு வந்த வார்த்தையை விழுங்கினேன். முதலாளி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

அந்த வாரக் கடைசியில் முனுசாமி வீட்டார் அமுதா வீட்டுக்குத் தட்டு மாற்றப் போனார்கள். நடந்ததை அமுதாவே வந்து சொன்னாள். எல்லோரும் உட்கார்ந்த பிறகு அவள் நடு ஹாலில் நின்று, "மாமா, எம் பேர்ல கீற நெலத்த அப்பா பேருக்கே எழுதிக் குட்த்துடப் போறேன். அதுக்கு அப்பறமும் குமாருக்கு என்னப் புடிச்சிருந்தா தட்ட மாத்திக்கலாம்" என்றாளாம். முனுசாமி மகனைப் பார்த்தார். மகன் தரையைப் பார்த்தான். அவள் அப்பா ஒன்றும் புரியாமல் எல்லோரையும் பார்த்தார். முனுசாமி வீட்டார், ஜாதகத்தை இன்னொரு தரம் பார்த்துக்கொண்டு வருகிறோம் என்று தட்டுகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வரவே இல்லை.

அமுதா அதைச் சொல்லும்போது அழவில்லை. ஷிஃப்ட் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பாதியில் எழுந்து ஓடினாள்.

எடிட்டிங் பழகுகிறவர்களுக்கு அன்றிலிருந்து நான் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் ஒன்றுதான். கத்தரியைத் தொடாதே. டேப் முழுவதையும் ஒருமுறை காதால் கேள், குப்பைச் சத்தம் என்று உனக்குத் தோன்றுகிற இடத்தை இரண்டு முறை கேள். அதன் பிறகு மூடுவதா வைப்பதா என்று முடிவு செய்.

சேகர் ஒரு மாதம் கழித்துக் கடைக்கு வந்தான். ஸ்பீக்கர் கேபிள் எங்கே கிடைக்கும் என்று விசாரித்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அக்கா, நெலத்துக்காகத்தான் வந்தாங்கன்றது அமுதாவுக்கு எப்டித் தெரிஞ்சிது? வூட்ல யாருக்குமே தெரியல."

"ஒன் கம்ப்யூட்டர்லதாண்டா ஒரு மாசம் இருந்துது" என்றேன். "நீ பாட்டு போட்டுகினு இருந்த."