எவ்வளவு உயரத்தில் இருக்கிறது?

அந்தக் கோடை விடுமுறைக்குத் தீவிலிருந்து மெயின்லேண்ட் போகக் கப்பல் டிக்கெட் கிடைக்கவில்லை. கணவருக்குத் தள்ளியிருக்கும் கார் நிக்கோபார் தீவில் வேலை, எனக்கு இங்கே ஹேடோவில் துறைமுக அலுவலகம். எட்டு வயது மகளைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து குவார்ட்டர்ஸ் அக்காவும் ஊருக்குப் போய்விட்டார். பகலெல்லாம் அவளை எங்கே விடுவது? ஆபீஸ், சமையல், துணி, இதற்கு நடுவில் சம்மர் கேம்ப் தேடி அலைந்து எனக்குச் சலித்துப்போனது.

சுனாமிக்குப் பிறகு எங்கள் வீட்டில் எதற்கும் முதல் கேள்வி ஒன்றுதான். வாடகை வீடானாலும் பள்ளிக்கூடமானாலும் கணவர் போனில் அதையே கேட்பார்.

"எவ்ளோ ஒசரத்துல இருக்கு?"

அதனால் முதலில் மகளோடு மரைன் ஹில்லில் இருந்த கேம்ப்புக்குப் போனேன். மேட்டின் மேல் பெரிய கேட், வாட்ச்மேன், சுவரெல்லாம் கார்ட்டூன். கடல் எங்கோ கீழே கிடந்தது. பார்த்ததுமே எனக்குப் பாதிப் பாரம் இறங்கிவிட்டது. நடத்துகிறவர் மடிப்புக் கலையாத சட்டையில் வந்தார். உள்ளே பார்க்கலாமா என்று கேட்டேன்.

"பேரண்ட்ஸ் உள்ள நாட் அலவ்டு, மேடம். டிசிப்ளின் கெட்டுப்போகும்."

பெண் குழந்தைகளைப் பாத்ரூமுக்கு யார் கூட்டிப்போவார்கள் என்றேன். சிரித்தார்.

"டென்ஷன் மத் லீஜியே, கவலையே வேணாம். இங்க ஏக்தம் சேஃப்."

நான் கேட்டதற்கு அது பதில் இல்லை. ஆனாலும் அந்த உயரம் என் வாயை அடைத்துவிட்டது. மகள்தான் என் துப்பட்டாவை இழுத்தாள். "அம்மா, எனக்கு வீட்டுக்கு வரணும்னு இருந்தா கதவத் தொறந்து விடுவாங்களா?"

அவர் அவள் கன்னத்தைத் தட்டினார். அவள் எனக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டேன். இறங்கி வரும்போது என்மேலேயே எரிச்சலாக இருந்தது. கடலுக்குப் பயந்து பயந்தே மனிதர்களுக்குப் பயப்பட மறந்துபோயிருந்தேன்.

மிச்சம் இருந்தது ஒன்றுதான். என் ஆபீசுக்குப் பக்கத்திலேயே, கரையோரத் தாழ்வில் ஒரு பழைய கூடத்தில் நடந்த கேம்ப். அலைச் சத்தம் வாசல்வரை கேட்டது. அங்கிருந்த டீச்சர் இந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்.

"எல்லா ரூமையும் பாருங்கக்கா. எப்ப வேணா வாங்க, சொல்லாமகூட வாங்க."

பார்த்தேன். எல்லாக் கதவும் திறந்திருந்தது. பாத்ரூம் தாழ்ப்பாள் உள்பக்கம், குழந்தைகளுக்கு எட்டும்படி இருந்தது. உதவிக்கு இரண்டு பெண்கள் இருந்தார்கள். நிலம் ஆடினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"விசில் அடிச்சதும் பசங்க பின்னாடி ரோட்ல மேல தண்ணி டேங்க்குக்கு ஓடிருவாங்க. டெய்லி பிராக்டிஸ். ஆனா ஒண்ணு யாத் வெச்சுக்குங்க, மறந்துராதீங்க. நீங்க தேடிக்கிட்டு இங்க வரக் கூடாது. நேரா மேல வாங்க."

அன்று போனில் கணவர் அதே கேள்வியைக் கேட்டார், கரையோரம் என்று சொன்னேன். பிறகு, "ஒனக்குச் சரின்னு படுதா?" என்றார்.

"ஒண்ணும் படல. அசதியா இருக்கு. அங்க கதவெல்லாம் தொறந்திருக்கு, அவ்ளோதான்."

அவளை அங்கே சேர்த்த இரண்டாவது வாரம் ஒரு மத்தியானம் ஆபீஸ் மேஜை ஆடியது. அப்போதெல்லாம் நில அதிர்வு எங்களுக்குப் புதிதல்ல, ஆனாலும் எல்லோரும் வெளியே ஓடினோம். என் கால்கள் கரைப்பக்கம்தான் திரும்பின. கூடம் கூப்பிடு தூரத்தில் இருந்தது. டீச்சர் சொன்னது நினைவுக்கு வர, அழுதுகொண்டே மேட்டு ரோட்டில் ஏறினேன். மகளை விட்டுவிட்டு ஓடுகிறேன் என்றே தோன்றியது.

தண்ணீர் டேங்க் அடியில் குழந்தைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மகள் என்னைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"ஏம்மா இவ்ளோ லேட்டு?"

அன்று கடல் வரவில்லை. மறுநாள் காலை அவளை மறுபடியும் அங்கேயே கொண்டுபோய் விட்டேன்.