சேவை செய்யும் போட்டோ

அந்த ஆலோசனை மையத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளும்போதெல்லாம் போட்டோக்காரருக்குக் குமட்டிக்கொண்டு வரும். உள்ளே அடிக்கும் ரூம் ஸ்ப்ரே வாசனை ஒரு காரணம். பெரிய காரணம், மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் மனிதர். அவருடைய பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘சதவீதம் சார்’ என்றால் சின்னப் பிள்ளைகூட வழிகாட்டும். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களின் மதிப்பெண்ணைக் கணினியில் தட்டி, பெயர்போன பல்கலைக்கழகங்களில் இடம் கிடைக்க எவ்வளவு வாய்ப்பு என்று சொல்வது அவர் பிழைப்பு. சாவுச் செய்தி சொல்லும் டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டுதான் சொல்வார்.

“இருபத்திரண்டு சதவீதம். சமூக சேவை சேர்த்தோம்னா முப்பத்தெட்டு ஆக்கிடலாம்.”

சமூக சேவை சேர்ப்பது என்றால், போட்டோக்காரரைக் கூப்பிடுவது. ஆளாளுக்குக் கைப்பேசியில் படம் எடுக்க ஆரம்பித்ததிலிருந்து அவருடைய ஸ்டுடியோ ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. மையம் கொடுத்த வேலைதான் கதவைத் திறந்து வைத்திருந்தது. வசதியான வீட்டுப் பிள்ளை ஒன்று கரும்பலகை முன்னால் சாக்பீஸோடு நிற்கும். எதிரே ஏழைக் குழந்தைகள் தரையில் உட்கார்ந்து வாயைப் பிளந்து பார்க்கும். மொத்தம் கால் மணி நேரம். அது முடிந்ததும் மையமே நடத்தும் ஓர் அறக்கட்டளை, ‘இரண்டு ஆண்டுகள் கற்பித்தார்’ என்று முத்திரை குத்திச் சான்றிதழ் கொடுத்துவிடும்.

ஒருத்தி, சாக்பீஸ் தூள் நகப்பூச்சில் ஒட்டும் என்று கையுறை கேட்டாள். ஒரு பையன், பக்கத்தில் இருந்த குழந்தைக்கு மூக்கு ஒழுகுவதைப் பார்த்துவிட்டு முழங்கை வரைக்கும் சானிடைசர் பூசிக்கொண்டான். த்தூ என்று அங்கேயே துப்பத் தோன்றியது போட்டோக்காரருக்கு. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

“கொஞ்சம் சிரிச்ச முகமா இருங்க தம்பி.”

ஏழைக் குழந்தைகளைத் தேடி அவர் ஊர் முழுக்க அலையவில்லை. கைக்கெட்டும் தூரத்திலேயே ஆறு பேர் இருந்தார்கள். ஸ்டுடியோவுக்கு எதிரில் இருக்கும் சலவைக் கடையில் வேலை செய்யும் பெண்களின் பிள்ளைகள். போட்டோக்காரரின் ஒரே மகள், மூன்று வருடமாக மாலைதோறும் அவர்களை ஸ்டுடியோவின் பழைய இருட்டறையில் உட்கார வைத்துக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை. அம்மாக்கள் வேலை முடிக்கும்வரை தெருவில் திரிகிறார்களே என்று ஆரம்பித்தது, பழகிவிட்டது. முன்பல் இரண்டும் இல்லாத பொக்கைவாய்ச் சிறுமி ஒருத்தி, அக்கா அக்கா என்று அவள் துப்பட்டாவை விடவே மாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளுக்குப் பள்ளியில் சிறப்பு வகுப்பு. அந்த நேரத்தில்தான் போட்டோக்காரர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போவார். ஒரு வார்த்தைதான் சொல்வார். ஆறு பேரும் கைகோத்து வரிசையாக வந்துவிடுவார்கள். நான்கு ஞாயிறு, நான்கு வெவ்வேறு இடம், நான்கு வசதியான பிள்ளைகள். மகளிடம் மூச்சு விடவில்லை.

மகளுக்கும் அது கடைசி வருடம். கணக்குப் படிக்க ஒரே ஒரு பல்கலைக்கழகத்தின் மேல் அவளுக்குக் கண். அங்கே இடம் கிடைத்தால் நாலு வருடமும் இலவசம். கிடைக்காவிட்டால் படிப்பே சந்தேகம். மையத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்காமல் தானே விண்ணப்பத்தை நிரப்பினாள். சேவை செய்ததற்கு ஒரு படம் இணைக்க வேண்டியிருந்தது.

“அப்பா, நம்ம பசங்களோட ஒரு போட்டோ எடுத்துக் குடுங்க.”

அவருக்குப் பகீர் என்றது. ஆனாலும், அத்தனை ஆயிரம் விண்ணப்பத்தில் எந்தக் குழந்தைக்கு முன்பல் இல்லை என்று எவன் உட்கார்ந்து பார்க்கப்போகிறான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு எடுத்துக் கொடுத்தார்.

பார்த்திருக்கிறார்கள். விண்ணப்பம் அனுப்பிய ஐந்தாம் வாரம் பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. உங்கள் படத்திலுள்ள அதே குழந்தைகள் வேறு நான்கு விண்ணப்பங்களிலும் இருக்கிறார்கள்; அந்த நால்வரிடமும் அறக்கட்டளைச் சான்றிதழ் உண்டு, உங்களிடம் இல்லை; மூன்று நாளில் விளக்கம் தராவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். மகள் அதை மூன்று தடவை படித்தாள்.

“யாரோ என் பசங்களைத் திருடியிருக்காங்கப்பா,” என்றாள்.

போட்டோக்காரர் மையத்துக்கு ஓடினார். சதவீதம் சார் அசரவில்லை.

“உங்க பொண்ணுன்னு முன்னாடியே சொல்லியிருந்தா முத்திரை போட்ட சர்டிபிகேட் ஒண்ணு குடுத்திருப்பேனே. இப்பவும் ஒண்ணும் குடி முழுகிடல. எங்க டிரஸ்ட் மூலமாத்தான் கத்துக்குடுத்தான்னு எழுதிடலாம். அஞ்சு பேரும் தப்பிச்சிடுவாங்க.”

“அவ நிஜமாவே கத்துக்குடுத்தா சார்.”

“அதனாலதான் சொல்றேன், ஈஸியா எழுதிடலாம்.”

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் போட்டோக்காரருக்கு உடம்பு கூசியது. அதைவிட, ஒரு நிமிடம் சரி என்று சொல்ல வாயெடுத்த தன்னை நினைத்துத்தான் அதிகம் கூசியது. வெளியே வந்து சாக்கடையோரம் நின்று உண்மையிலேயே வாந்தி எடுத்தார்.

வீட்டுக்கு வந்து கடிதம் எழுத உட்கார்ந்தார். அந்த நான்கு படங்களையும் எடுத்தவன் நான், தேதி இது, கால் மணி நேரம்தான், ஐந்தாவது படம் மட்டுமே நிஜம். இனி மையம் வேலை தராது, ஸ்டுடியோவை மூட வேண்டியதுதான். பரவாயில்லை. வீட்டில் எந்தக் கடிதம் எழுதினாலும் மகள்தான் பிழை பார்ப்பாள். இதையும் அவளிடமே நீட்டினார்.

அவள் ஒரு பிழையும் திருத்தவில்லை. கடைசி வரிவரை படித்துவிட்டு மேஜையில் வைத்தாள்.

“என்ன சொல்லி அவங்களைக் கூட்டிட்டுப் போனீங்க? தெரியாத இடத்துக்கு அந்தப் பொக்கைவாய் வரவே வராதே.”

போட்டோக்காரர் தரையைப் பார்த்தார்.

“அக்கா வரச் சொன்னாங்கன்னு சொன்னேன்.”

அவள் முகத்தில் அழுகை இல்லை. சானிடைசர் பூசிக்கொண்ட பையனைத் தான் பார்த்த அதே பார்வையால் மகள் தன்னைப் பார்ப்பது அவருக்குத் தெரிந்தது. பிறகு பேனாவை அவர் பக்கம் தள்ளினாள்.

“அதையும் எழுதுங்க.”

எழுதினார். முழுக் கடிதத்துக்கும் ஆன நேரம் அந்த ஒரு வரிக்கு ஆயிற்று.