பெரம்பலூர் மெடிக்கல் ஷாப்பில் கிடைத்த என் டபுள் பாஸ் டீச்சர்

ரெஜினா மேடம் போய்விட்டார்.

இன்று காலை அவர் வீட்டுக்காரர் போன் செய்தார். "வலி அடங்கிடுச்சுங்க. அமைதியா போயிட்டா."

இரண்டு வருடமாக அந்த வலியைப் பக்கத்தில் இருந்து பார்த்த மனிதர்... குரலில் அழுகையைவிட நிம்மதிதான் அதிகம் தெரிந்தது. எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. எழுதக் கூச்சமாக இருந்தாலும் அதுதான் உண்மை.

இங்கே பலருக்கு அவரைத் தெரியாது. எனக்கு டபுள் பாஸ் சொல்லிக் கொடுத்தவர். அந்த வாத்தியம் பார்க்க வயலின் மாதிரியே இருக்கும், ஆனால் ஆளைவிட உயரம். நின்றுகொண்டு, உடம்பில் சாய்த்து வைத்து வாசிக்க வேண்டும்.

கற்க ஆரம்பித்தபோது எனக்கு நாற்பது வயது. ரெட்டிபாளையம் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் ஸ்டோர் கிளார்க். அரியலூரைத் தனி மாவட்டம் என்று சொல்லி, கொஞ்ச நாளில் மறுபடியும் பெரம்பலூரோடு சேர்த்த சமயம்.

அதற்கு ஆறு வருடம் முன்னால், வயல் மோட்டார் பெல்ட்டில் சிக்கி என் இடது கை மோதிர விரல் போய்விட்டது. அதுவரை எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவில் நான்தான் கிட்டார். அதற்கப்புறம் பூசையில் கடைசி வரிசை... இடது கை பேன்ட் பாக்கெட்டுக்குள்.

கோயில் சாமான் அறையில் ஒரு டபுள் பாஸ் பல வருடமாகச் சும்மா கிடந்தது. ஒருநாள் ஃபாதர் அதை இழுத்து வந்து, "கரையான் திங்கறதுக்குள்ள நீயாவது எடுத்துட்டுப் போப்பா" என்றார்.

வீட்டில் வைத்து வில்லைக் கம்பிமேல் ஓர் இழுப்பு இழுத்தேன். அடுப்படியில் இருந்து மனைவி, "என்னங்க, மாடு கத்துது?" என்றாள்.

ஆனால் அந்தச் சத்தம் என் வயிறு வரைக்கும் இறங்கியது. ஆறு வருடம் கழித்து என் கையில் இருந்து ஒரு சத்தம்... விட மனம் வரவில்லை.

சொல்லிக் கொடுக்க ஆள் தேடி, டபுள் பாஸையும் தூக்கிக்கொண்டு திருச்சிக்கு அலைந்தேன். ஒருவர், "நாப்பது வயசுலயா? பையன் இருந்தா அனுப்புங்க" என்றார். இன்னொருவர் என் கையைப் பார்த்தார். அப்புறம் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "வேற ஏதாச்சும் கத்துக்கங்க சார்."

அன்று அரியலூருக்கு நேர் பஸ் கிடைக்காமல் பெரம்பலூர் வந்து இறங்கினேன். மண்டையைப் பிளக்கும் தலைவலி. பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை கேட்டேன்.

கவுண்டரில் இருந்த பெண் மாத்திரையை எடுக்கவில்லை. போர்வை சுற்றி, நான் தோளில் சாய்த்து வைத்திருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது நாலு கம்பியா, அஞ்சு கம்பியா?"

பஸ்ஸில் எல்லோரும் "உள்ள என்னங்க, பீரோவா?" என்று கேட்டதுதான் அதுவரை. எனக்குத் தலைவலி மறந்துபோனது.

சென்னையில் பார்மசி படித்தபோது கோயில் ஆர்கெஸ்ட்ராவில் டபுள் பாஸ் வாசித்தாராம். என்னைவிட ஏழு வயது சின்னவர். சொல்லித் தர முடியுமா என்று கேட்டேன்.

"கல்யாணத்துக்கு அப்புறம் தொடவே இல்லீங்க, ஒம்பது வருசம் ஆச்சு... ஞாயித்துக்கிழமை மதியம் வூட்டுக்கு வாங்க. பாப்போம்."

முதல் ஞாயிறு. வழக்கம்போல் இடது கை பாக்கெட்டில். "ரெண்டு கையும் வேணுங்களே" என்றார். எடுத்துக் காட்டினேன்.

சிரித்துவிட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. போர்வையை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தேன்.

"ஐயோ அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க! இதோட கழுத்துப் பக்கம் வாசிக்கிறப்ப மோதிர விரலுக்குத் தனியா வேலையே கெடையாது. அந்த வெரல வைக்காத, வைக்காதன்னு எங்க சார் என் கையிலயே அடிப்பாரு. ஒங்களுக்கு அந்தத் தொல்லையே இல்லைங்கறேன்!"

பிடித்துக் காட்டினார். ஆள்காட்டி விரல், நடு விரல், சுண்டு விரல். "மோதிர விரல் சுண்டு விரலுக்குச் சும்மா ஒத்தாசை. ஒங்க சுண்டு விரல் தனியா ஒழைக்கணும், வலிக்கும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான்...

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் வீட்டுக்காரர் தண்ணீர் கொண்டுவந்தார். குடித்துவிட்டுப் போர்வையை மறுபடியும் அவிழ்த்தேன்.

சுண்டு விரல் நிஜமாகவே வலித்தது. சட்டைப் பட்டன் போட முடியாத அளவுக்கு. மேடம் ஒரு களிம்பை எடுத்துக் கொடுத்தார். "ரெண்டு நாள் தொடக் கூடாது, இது மருந்துக்கடைக்காரி சொல்றது. மூணாம் நாள் அரை மணி நேரம், இது டீச்சர் சொல்றது."

ஒரு வருடம் கழித்து எங்கள் கோயிலில் ஞாயிறு காலைப் பூசைக்கு வாசித்தேன். சொல்லாமல் கொள்ளாமல் முதல் பஸ் பிடித்து மேடமும் அவர் வீட்டுக்காரரும் வந்திருந்தார்கள்.

பூசை முடிந்து மேடம் கிட்டே வந்தார். "மூணாவது பாட்டுல ஓடிட்டீங்க. யாரு தொரத்துனா?"

அப்புறம் கொஞ்சம் தயங்கி, "ஒரு நிமிசம் குடுங்கண்ணே" என்றார்.

சொல்லிக் கொடுக்கும்போது ஒரு வரி, இரண்டு வரிதான் வாசித்துக் காட்டுவார். அன்று காலியான கோயிலில் கண்ணை மூடி வாசித்தார். ஒரு நிமிடம் இருபது நிமிடமானது. பூட்ட வந்த ஃபாதர் சாவியோடு வாசலிலேயே நின்றார்.

வில்லைத் திருப்பித் தரும்போது, "இனிமே ஞாயித்துக்கிழமை மொத அரை மணி நேரம் எனக்கு" என்றார்.

அவர்கள் திருச்சிக்குக் குடிபோகும்வரை அப்படியே நடந்தது.

போன மாதம் போய்ப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட வாய் திறந்து நன்றி சொன்னதில்லை. அன்று சொன்னேன். "சரி சரி, உக்காருங்க, காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றார். சொல்லிவிட்டேன்... அதுவே இன்று பெரிய ஆறுதல்.

நாளை பத்து மணிக்கு அடக்கம். பூசையில் வாசிக்க முடியுமா என்று அவர் வீட்டுக்காரர் கேட்டார். வாசிக்கிறேன் என்றேன்.

போயிட்டு வாங்க மேடம்.