பிடிபட்ட கப்பலுக்கு வைத்த பொட்டு

அண்ணன் கனடாவில், ஸ்காபரோவில் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். கடந்த குளிர்காலம் முழுவதும் வீட்டு பேஸ்மென்றில் ஒரு மரக்கப்பல் கட்டினார். சோழமண்டலக் கரையில் கட்டப்பட்டு, ஆங்கிலக் கொடியுடன் ஓடி, இருநூறு வருடங்களுக்கு முன் வங்கக் கடலில் பிரெஞ்சுக்காரரிடம் பிடிபட்ட சரக்குக் கப்பலின் மாதிரி அது. பிடித்தது கடற்படை அல்ல. அந்தக் காலத்தில் தனியாரும் அரசின் அனுமதிப் பத்திரத்தோடு எதிரி நாட்டுக் கப்பல்களைப் பிடித்தார்கள். பிடித்தவரின் கொடி மேலேயும் தோற்றவரின் கொடி கீழேயும் பறக்கும். அண்ணன் இரண்டையும் துணியில் வரைந்து ஏற்றியிருந்தார்.

பக்கத்து நகரமான மார்க்கத்தில் மாதிரிக் கப்பல் கட்டுகிறவர்களின் சங்கம் ஒன்று ஆண்டுதோறும் கண்காட்சி வைக்கிறது. உண்மைக் கப்பலில் இருந்திருக்க முடியாத ஒன்று மாதிரியில் இருந்தால் மேசையில் இடம் கிடையாது. போன வருடம் அண்ணனின் முதற்கப்பல் திரும்பி வந்தது. நங்கூரத்துக்குச் சங்கிலி போட்டிருந்தார். அந்தக் காலத்துக்குக் கயிறுதான் சரி. இந்த முறை மேசையில் ஓர் இடம் கிடைத்தால் போதும் என்றிருந்தார்.

கண்காட்சியன்று காலை அண்ணனையும் அண்ணியையும் காரில் ஏற்றிப்போகச் சென்றேன். அண்ணன் சப்பாத்து போட்டுக்கொண்டிருக்க, அண்ணி கப்பலைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தார். முகப்பில் சந்தனம், நடுவில் குங்குமம்.

"என்னப்பா செய்து வைச்சிருக்கிறீர்?" அண்ணன் அண்ணியைக் கேட்டார்.

"முதன்முதலா வெளியில போகுது. வெறுமையா அனுப்புறதே?"

"உது பிரெஞ்சுக்காரன் பிடிச்ச கப்பல்!"

"ஆர் பிடிச்சாலென்ன, கட்டினது நீங்கள்தானே. காருக்கு மாதிரி அடியில வைச்சு நசிக்கச் சில்லு இல்லாதபடியா தேசிக்காய் வைக்கேல்லை."

அண்ணன் ஈரத்துணியால் துடைத்தார். சந்தனம் போனது. வார்னிஷ் பூசாத மரத்தில் குங்குமம் இறங்கிவிட்டிருந்தது; தேய்க்கத் தேய்க்கப் பரவியது. அப்படியே காரில் மார்க்கத்துக்குக் கிளம்பினோம். பின்னிருக்கையில் அண்ணி கப்பலை மடியில் வைத்திருந்தார்.

சங்கத்தின் பரிசோதகர் நரைத்த, உயரமான பெண்மணி. பூதக்கண்ணாடியால் பாய்மரங்களைப் பார்த்தார், நங்கூரக் கயிற்றைப் பார்த்தார், முகப்பிலிருந்த சிவப்புக் கறைக்கு வந்ததும் நிறுத்தினார். இது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். பெயின்ற் சிந்திவிட்டது என்று அண்ணன் சொல்வார் என நினைத்தேன்.

"மனைவி வைத்தது," என்றார் அண்ணன். "புதிதாக ஓடப்போகிற எதற்கும் எங்கள் ஆட்கள் வைப்பார்கள்."

"இந்தக் கப்பலைக் கட்டியவர்கள் யார்?"

"எங்கள் ஆட்கள்தான்."

"அப்படியானால் அவர்கள் வைத்திருக்க முடியாது என்று உங்களால் சொல்ல முடியுமா?"

அண்ணன் யோசித்தார். "அப்படிச் சொல்ல முடியாது."

பெண்மணி தலையசைத்து, ஜன்னலோரத்து மேசையைக் காட்டினார்.

பரிசு வேறொருவருக்குப் போனது. அண்ணன் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. மேசைப்பக்கம் வந்தவர்களையெல்லாம் நிறுத்தி, பத்திரம் வைத்துக்கொண்டு கப்பல் பிடித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணி வீட்டில் பொரித்துக் கொண்டுவந்த ரோல்ஸ் பெட்டியைக் காரிலிருந்து எடுத்துவந்து எனக்கு நீட்டினார்.

"உவர் இனி உந்த மேசையை விட்டு வரமாட்டார். நாங்கள் சாப்பிடுவம்."