சிவப்பாகவே நின்ற இரத்தம்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சராக இருந்த அந்தோனிப்பிள்ளை ஐயாவை அறிந்தவர்களுக்கு நான் எழுதும் இந்த அஞ்சலி இரண்டு மாதம் தாமதம். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

செய்தி வந்தபோது, மழையில் காயாத பிள்ளைத் துணிகளை அடுப்புக்கு மேலே கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். கொழுந்துக் கூடையோடு வந்த ராமாயி அக்கா வாசலிலேயே நின்றாள்.

"டீச்சரம்மா, நம்ம டிஸ்பென்சர் ஐயா போயிட்டாருங்க. மேல் லயத்து வீடுகளுக்கு மருந்து கொண்டுபோன எடத்துல நெஞ்சைப் புடிச்சிக்கிட்டு உக்காந்தவருதான்."

நான் முதலில் அவருக்காக அழவில்லை. தொட்டிலில் கிடந்த நான்கு மாதப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தேன். இனி இவளை யார் சோதித்துச் சொல்வார்கள் என்றுதான் நினைத்தேன்.

என் மூத்தவன் செல்வம் ஐந்தாம் மாதம் வரை கொழுகொழுவென்று இருந்தான். பிறகு வெளுத்தான். "படிச்ச பொம்பளைக்குப் பால்ல சத்து ஏது?" என்றார் மாமியார். தோட்டத்தில் வெளுத்த பிள்ளை என்றால் வயிற்றுப் பூச்சி, அதற்கு இரும்பு மருந்து, அதுதான் வழக்கம். தோட்டங்களைப் பார்வையிட வரும் பெரிய டொக்டர் பிள்ளையைத் தொடாமலே அதை எழுதினார். மூன்று மாதம் ஐயா அதைக் கலக்கிக் கொடுத்தார். பிள்ளை தேறவில்லை, விலாவுக்குக் கீழே கட்டி போல ஒன்று வளர்ந்தது.

ஐயா இளமையில் கொழும்பில் இரத்தம் சோதிக்கும் இடத்தில் வேலை பார்த்தவர். ஒரு நாள் இரண்டு கண்ணாடிக் குழாய்களோடு எங்கள் படியேறி வந்தார். ஒன்றில் தன் இரத்தம், மற்றதில் செல்வத்தின் இரத்தம். இரண்டிலும் சோடாக் காரம் கரைத்த தண்ணீரை விட்டு, வாய்விட்டு எண்ணினார். அறுபதுக்குள் அவருடையது தேயிலைச் சாயம்போலப் பழுப்பானது. செல்வத்தினுடையது சிவப்பாகவே நின்றது.

நான் கைகொட்டிச் சிரித்தேன். "பாருங்க ஐயா, எம்புள்ள ரத்தம்தான் நல்ல ரத்தம்!"

கல்லூரியில் விலங்கியல் படித்தவள் சொன்ன வார்த்தை அது. அவர் வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

"வயித்துக்குள்ள இருக்கிறப்ப ஒரு கங்காணி ரத்தச் சிவப்பு செய்ய வைக்கிறான்னு வச்சுக்குங்க. பொறந்த பொறகு அவன் ஓய்வுக்குப் போவான், வேற கங்காணி வந்து பொறுப்பெடுப்பான். ஆறு மாசத்துல கைமாறிடும். பழையவன் செஞ்ச சிவப்புக்குத்தான் காரத்துல நிறம் மாறாது. உங்க மகனுக்குப் புதியவன் காலையில பேர் குடுக்கிற பெரட்டுக்கே வரல்லைங்க. பழையவன் தனியாத் தாங்கப் பாக்கிறான், முடியல்லை." சிவந்த குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சொன்னார்: "பழையவனை ஓய்வுக்கு அனுப்பாதேன்னு எழுதிப்போட முடிஞ்சா இந்தப் புள்ள பொழைச்சுக்கும். எந்தத் துரைகிட்ட எழுதுறதுன்னுதான் யாருக்கும் தெரியல்லை."

போகும்போது படியில் நின்று, "இந்தப் புள்ளைக்கு இரும்பு ஆகாதுங்க, உள்ளுக்குள்ள தேங்கிப்போகும். மூணு மாசமா என் கையாலதான் குடுத்தேன். தப்பு என்னோடது" என்றார்.

பெரிய டொக்டருக்குப் போகும் சீட்டில் தான் கண்டதை எழுதினார். பெரிய டொக்டர் அதைச் சிவப்பு மையால் அடித்தார். நோய்க்குப் பெயர் வைப்பது டிஸ்பென்சரின் வேலையில்லையாம். பிள்ளையை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இரத்தம் ஏற்றுவதற்காக, லொறி கேட்டு ஐயா மூன்று முறை துரையின் அலுவலகமான கந்தோர் வாசலில் நின்றார். கொழுந்து ஏற்றவே லொறி போதவில்லை என்றார்கள். செல்வம் இரண்டு வயதைக் காணவில்லை.

அதே டொக்டர் ஐயாவின் குழியருகே நின்று, "மிகச் சிறந்த ஊழியர்" என்று பேசினார். "உசிரோட இருக்கையில உக்கார ஒரு நாக்காலி குடுக்கல்ல, இப்ப மாலை" என்று ராமாயி அக்கா எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். நான் வாய் திறக்கவில்லை. அதற்கு இன்றும் என்னை நான் மன்னிக்கவில்லை.

மகள் பிறந்தபோது ஐயா குழாய்களையும் காரப் போத்தலையும் எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனார். "இப்ப பாத்தா எல்லாப் புள்ளைக்கும் சிவப்பாத்தான் நிக்கும். ஆறு மாசம் முடியட்டும், நானே வர்றேன்."

ஆறு மாதம் போன வாரம் முடிந்தது. அதற்காகத்தான் காத்திருந்தேன். என் இரத்தம் ஒன்றில், அவளுடையது மற்றதில். அவரைப் போலவே வாய்விட்டு எண்ணினேன். ஐம்பத்து நான்கில் இரண்டும் பழுப்பாயின. அவளுக்குப் புதிய கங்காணி வந்துவிட்டான். காட்டுவதற்கு ஆளில்லை.

எங்கள் மலையில் தப்பு எப்போதும் கீழே இருப்பவன் தலையில்தான் விழும். என் பிள்ளைக்கு நேர்ந்ததில் தன் பங்கைத் தானே படியேறி வந்து சொன்னவர் அவர் ஒருவர். அந்தச் சொல்லை வைத்திருக்கிறேன். குழாய்களையும் கழுவி வைத்திருக்கிறேன். ஆறு மாதம் தாண்டி, இரும்பு மருந்துக்கும் தேறாமல் வெளுத்துப்போகும் பிள்ளை உங்கள் லயத்தில் இருந்தால், தூக்கிக்கொண்டு வாருங்கள். எனக்கு எண்ணத் தெரியும்.