சித்தேரிப் பாறையில் ஆடிய சூரியன்

காலை 9.30. பாப்பிரெட்டிப்பட்டியில் சித்தேரி மலைக்குப் போகும் பஸ் ஏறினேன். டிக்கெட் இருபத்தெட்டு ரூபாய். மடியில் ஒரு காலிப் பெட்டி.

"மேல இருக்கிற மிஷினை எடுக்கவா போறீங்க?" என்றார் கண்டக்டர். "அப்ப டெலஸ்கோப்பு வராதுங்களா? ரெண்டு டிரிப்பு சேத்து வுடுவாங்கன்னு இருந்தோம்." நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சூரியனை ஆராயும் பெரிய தொலைநோக்கிக்கு இடம் தேடியவர்களில் நானும் ஒருவன். சூரிய ஒளி ஆடாத தண்ணீர்போல் சமமாகத்தான் வருகிறது. நம் காற்று அதைக் கசக்கிவிடுகிறது. என் கருவியில் வரிசையாகக் குட்டி லென்சுகள்; ஒவ்வொன்றிலும் சூரியனின் சின்னப் படம். எந்தப் படம் எவ்வளவு நகர்கிறது என்று பார்த்தால் ஒளி எங்கே கசங்கியது என்று தெரியும். தொலைநோக்கிக்குள் ஒரு கண்ணாடி உடனுக்குடன் எதிர்ப்பக்கம் வளைந்து அதைச் சரிசெய்யும். காற்று அளவுமீறி ஆடினால் அந்தக் கண்ணாடியும் தோற்றுப்போகும். சித்தேரியில் அப்படித்தான் ஆடுகிறது என்று அறிக்கை கொடுத்தவன் நான். தொலைநோக்கி வேறு மாநிலத்துக்குப் போய்விட்டது.

11.40. பஸ் நின்ற இடத்திலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் நடை. கருவி நின்ற பாறையில் பொன்னி சாமை காயவைத்துக்கொண்டிருந்தார். அது அவர்கள் நிலத்துப் பாறை.

"ஓரமா வாங்க சார், சாமையை மிதிச்சிராதீங்க."

"ஒரு வெயில்ல காஞ்சிருமா?"

"சட்டியாட்டம் சுடுமுங்க. அதுக்குத்தான ஊரே இங்க கொண்டாந்து கொட்டுது."

குனிந்து பாறையில் கை வைத்தேன். சுரீர் என்றது. அட மடையா! பாறை சுட்டால் அதன் மேலிருக்கும் காற்று கொதிக்காமல் என்ன செய்யும்?

"அன்னிக்கே சொன்னனுங்களே, அந்தப் புல்லு மேட்டுல வைங்கன்னு."

சொன்னார்தான். கருவிக்கு அசையாத தரை வேண்டும், பாறைதான் சரி என்று சிரித்துவிட்டு வைத்தேன். மலையின் காற்றை அளக்க வந்தவன் ஒரு பாறையின் சூட்டை அளந்துகொண்டு போயிருக்கிறேன்.

12.30. கருவியைப் புல்மேட்டுக்குத் தூக்கிப்போய் நிறுத்தினேன். படங்கள் ஏறக்குறைய அசையாமல் நின்றன. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, எனக்கென்றே சொல்லிவைத்தது.

"எழுதுனதை மாத்தி எழுதக் கூடாதுங்களா?" என்றார் பொன்னி.

"எழுதுறேங்க. ஆனா அங்க கட்டவே ஆரம்பிச்சிட்டாங்க. தப்பு என்னோடதுதான்."

அவர் சாமையைக் காலால் தள்ளிவிட்டபடியே இருந்தார். "கோமதிகிட்ட நீங்களே சொல்லிருங்க. நம்ம மலைக்காத்தே சரியில்லன்னு சொல்லிட்டுத்தான் போனா."

கோமதி அவர் மகள். பி.எஸ்சி. இயற்பியல் படித்தவள். மூன்று மாதம் தினமும் என் கருவியைப் பார்த்துக்கொண்டவள். தொலைநோக்கி வந்தால் இங்கேயே வேலை என்று நம்பியிருந்தாள். அந்த ஆசையைக் கிளப்பியதும் நான்தான். இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் பாகங்களை எண்ணிப் பெட்டியில் அடுக்குகிறாள்.

3.00. பஸ் நிறுத்தத்தில் சிக்னல் கிடைத்தது. எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன்.

"சார், காலையில படம் ஆடல, பாறை சுட்டப்பறந்தான் ஆடுதுன்னு தினம் நோட்டுல எழுதி வெச்சனே. அதைப் படிச்சுட்டுத்தான முடிவு பண்ணுனீங்க?"

எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு நோட்டைத் திறக்காமலே அலமாரியில் வைத்தவன் நான்.

"இல்லம்மா. படிக்கல."

"சரிங்க சார். ஷிப்டுக்கு நேரமாச்சு" என்று வைத்துவிட்டாள்.