பாப்பம்மாளின் ஆட்சேபம்

பாப்பம்மாள் ரிமோட்டை விட்டெறிந்த வேகத்தில் அதன் மூடி கழன்று சோபாவுக்கடியில் போய்விட்டது. போகட்டும் சனியன்! டி.வி.யில் கோட்டுப் போட்ட இரண்டு பேர் ஒரு மணி நேரமாகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். குண்டு வைத்ததற்கு ஆயுள் தண்டனை வாங்கியவனை டில்லி ஜெயிலிலேயே வைப்பதா, அவன் சொந்த ஊர்ப் பக்கம் மாற்றுவதா என்று சண்டை. மனித உரிமை என்றான் ஒருவன். தேசத்தின் மானம் என்றான் இன்னொருவன். இரண்டு பேரில் ஒருத்தன் வாயிலாவது செத்தவர்களின் பெயர் வந்ததா? வரவில்லை.

செத்தது பதினொரு பேர். அதில் ஒருவர் இராஜமாணிக்கம், பாப்பம்மாளின் புருஷன். பெருந்துறைக்காரர், டில்லியில் மத்திய சர்க்கார் ஆபீஸில் கிளார்க். பதினேழு வருஷத்துக்கு முன்னால் மகளுக்கு ஸ்கூல் ஸ்வெட்டர் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனவர் திரும்பவில்லை. கருணை அடிப்படையில் அவளுக்கு அதே ஆபீஸில் பியூன் வேலை கொடுத்தார்கள். மாடிக்கும் கீழுக்கும் ஃபைல் சுமந்து, திட்டு வாங்கியே இந்தி படித்து, துவாரகாவில் இரண்டு ரூம் ஃபிளாட் வாங்கி, மகள் வைஷ்ணவியை ஏர்போர்ட் வேலையில் உட்கார வைத்தாள். ஒண்டியாகச் செய்தாள். அதனால் அவளுக்கு யாரிடமும் பயம் கிடையாது.

கைதியின் மனு கோர்ட்டுக்கு வந்தபோது, செத்தவர்களின் குடும்பங்களையும் கேட்க வேண்டும் என்று நீதிபதி சொல்லிவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை மயூர் விஹாரில் குடும்பங்களின் சங்கம் கூடியது. செயலாளர் சுரேஷ்குமார், தம்பியைப் பறிகொடுத்தவர், ஆட்சேபக் கடிதத்தை டைப் அடித்தே கொண்டு வந்திருந்தார். அந்தமானுக்கு அனுப்பு என்றார் ஒருவர். இங்கேயே கிடந்து அழுகட்டும் என்றது ஒரு கூட்டம்.

"பாப்பம்மாக்கா, இங்கே ஒரு கையெழுத்து. மத்தவங்க எல்லாம் போட்டாச்சு" என்று பேனாவை நீட்டினார் சுரேஷ்குமார்.

"இருங்க. அவன் என்ன எழுதியிருக்கான்னு தெரியோணுமல்ல? படி கண்ணு."

கூட வந்திருந்த வைஷ்ணவி மனுவின் நகலைப் புரட்டினாள். "அச்சா, கேளும்மா. அவங்க அம்மாவுக்கு எண்பது வயசாம். ஒரே பையன். கண்ணு சரியாத் தெரியாதாம். ரெண்டு நாள் ட்ரெயின்ல வந்து பாக்க முடியாதாம். கருணை அடிப்படையில ஊர்ப் பக்கம் மாத்தணுமாம்."

பாப்பம்மாளுக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது. வயதான தாய், ஒரே மகன், கருணை அடிப்படை! இந்த வார்த்தைகள் அவளுக்கு மனப்பாடம். இராஜமாணிக்கம் கோயம்புத்தூர் ஆபீஸுக்கு மாற்றல் கேட்டு மூன்று தடவை எழுதினார். ஒவ்வொரு தடவையும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து தன் கையால் எழுதி, அவளுக்குப் படித்துக் காட்டி, டாக்டர் சர்டிபிகேட்டை இணைத்து, மேலதிகாரி மூலமாக முறைப்படி அனுப்பினார். மேலே ஏறிக் கேட்டால் மரியாதைக் குறைவு, ஃபைல் தானாக நகரும் என்று நம்பிய அப்பாவி. நிர்வாகக் காரணங்களால் ஏற்க இயலாது என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். மூன்றாவது மறுப்பு வந்த மாதமே அவர் அம்மா போய்ச் சேர்ந்தாள். இரண்டு ராத்திரி ரயிலில் இவர்கள் போய் இறங்கியபோது சாம்பல்தான் மிச்சம். மறு வருஷம் அந்தக் குண்டு.

கோயம்புத்தூருக்கு மாற்றியிருந்தால் அந்த மனுஷன் அன்றைக்கு டில்லிக் கடைத்தெருவில் ஏன் நிற்கிறார்?

"உங்க கடுதாசி எனக்கு வேண்டாமுங்க" என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். "என்ற ஆட்சேபத்தை நானே சொல்லிக்கிறேன்."

வியாழக்கிழமை கோர்ட்டில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். நீதிபதி தன்மையாகத்தான் கேட்டார். "கைதியை மாற்றுவதில் உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?"

"உண்டு."

"காரணம்?"

பாப்பம்மாள் தனக்குத் தெரிந்த இந்தியில் பொரிந்து தள்ளினாள். "என்ற வூட்டுக்காரருக்கும் வயசான அம்மா இருந்தாங்க. மூணு தடவை மாத்தல் கேட்டாரு. இதே சர்க்கார் முடியாதுன்னுச்சு. ஒரு தப்பும் பண்ணாத மனுஷனுக்கு இல்லாத கருணை, அவரைக் கொன்னவனுக்கு எங்கிருந்து வருது? அந்தம்மா மகனைப் பாக்கட்டும், நான் வேண்டாங்கல. ரெண்டு நாள் ரயில்ல வந்து பாக்கட்டும். நாங்க போனமில்ல?"

"அம்மா, அது ஆபீஸ் விவகாரம். இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லை" என்றார் கைதியின் வக்கீல். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டைப் அடிப்பவர் வாக்குமூலத்தைக் கையெழுத்துக்கு நீட்டினார். பாப்பம்மாள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஆட்சேபம் உண்டு, குறிப்பான காரணம் எதுவும் கூறவில்லை.

"கூறவில்லையா? இத்தனை நேரம் நான் என்ன பாட்டா பாடுனேன்?"

"அம்மா, ஜல்தி. அடுத்த ஆள் நிக்கிறாங்க" என்றார் டைப் அடிப்பவர்.

"நிக்கட்டும். நான் பதினேழு வருஷமா நிக்கறேன். சொன்னதை எழுது. அவரு பேரைப் போட்டு எழுது."

வைஷ்ணவி அம்மாவின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். அவள் அசையவில்லை. அடுத்த பெயரை இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தார்கள். அப்போதும் அசையவில்லை. கடைசியில் நீதிபதியே, "அவங்க சொன்னபடியே எழுதுங்க" என்றார். இராஜமாணிக்கம், மூன்று மனு, மூன்று மறுப்பு, தாயார் இறந்தது என எல்லாம் ஏறியது. இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்ததும் வைஷ்ணவி கேட்டாள். "அம்மா, அவனை மாத்திடுவாங்களா?"

"மாத்துவாங்க கண்ணு, மாத்தாம என்ன! அவனுக்கு எழுதிக் குடுக்க வக்கீலு இருக்கறான். உங்கப்பன் பாவம், தானே எழுதுனாரு."

சொல்லிவிட்டு, கோர்ட் வாசல் என்றும் பார்க்காமல், பதினேழு வருஷத்தில் மகள் எதிரில் முதல் தடவையாக அவள் வாய்விட்டு அழுதாள்.